உழைப்பைக் கழித்துவிட்டுப் போடும் கலோரிக் கணக்கு

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேச அழைத்த தோழர், “உங்கள் ஆய்வைப் பற்றியே பேசுங்கள்” என்றார். என் முனைவர் பட்ட ஆய்வு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துப் பஞ்ச நிவாரண வேலைகளில் கொடுக்கப்பட்ட கூலியைப் பற்றியது. அதை அப்படியே பேச ஆரம்பித்தால் பாதிப் பேர் கைப்பேசியை எடுத்துவிடுவீர்கள். அதனால் கைப்பேசியிலிருந்தே தொடங்குகிறேன். கலோரி கணக்குப் போடும் செயலி எத்தனை பேர் வைத்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். நானும் வைத்திருக்கிறேன். அதில் என் அம்மாவுக்காக ஒரு கணக்குப் போட்டேன். அது எங்கே தப்பாகப் போனது என்பதுதான் இன்றைய பேச்சு.

அம்மா விழுப்புரம் பக்கம் ஓர் ஊரில், ஊருக்கு வெளியே உள்ள காலனியில் இருக்கிறார். வயது 54. நடவு, களையெடுப்பு, மல்லாட்டை பிடுங்குவது, அதெல்லாம் இல்லாத காலத்தில் நூறு நாள் வேலை. சென்ற பொங்கலுக்குப் போனபோது ஆளே இளைத்திருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் “நல்லா சாப்பிடுங்கம்மா” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நல்லா என்றால் எவ்வளவு? அதைக் கண்டுபிடிக்கத்தான் செயலியைத் திறந்தேன்.

வயது, உயரம், எடை எல்லாம் கேட்டது. 150 சென்டிமீட்டர், 46 கிலோ. அடுத்த கேள்வி: “வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள்?” அம்மாவிடம் கேட்டேன். “பயிற்சியா? அதுக்கெல்லாம் நான் எங்கடி போறது?” என்றார். பூஜ்ஜியம் என்று போட்டேன். செயலி அம்மாவை ‘பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவர்’ என்ற பிரிவில் சேர்த்து, ஒரு நாளைக்கு 1,160 கலோரி போதும் என்றது.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார். “உக்காந்தே இருக்கேனா? அதான் முட்டி இப்பிடித் தேஞ்சு போச்சா?” என்றார்.

அவர் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இதில் ஒளிந்திருக்கும் வித்தை எதுவும் இல்லை. எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் போதும்.

நாம் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோ கலோரி. ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல். மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்குச் சுமார் 4 கலோரி தரும், கொழுப்பு 9 தரும். உணவுப் பொட்டலங்களின் பின்பக்கம் போட்டிருக்கும் எண்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

நம் உடல் செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பங்கு, சும்மா படுத்திருந்தாலும் செலவாவது. மூச்சு விடவும், இதயம் துடிக்கவும், உடல் சூடு குறையாமல் இருக்கவும் ஆகும் செலவு அது. அடிப்படைச் செலவு என்று வைத்துக்கொள்வோம். 1919இல் அமெரிக்காவில் ஹாரிஸ், பெனடிக்ட் என்ற இருவர் இதற்கு ஒரு வாய்பாடு வெளியிட்டார்கள். 136 ஆண்களையும் 103 பெண்களையும் அளந்து எழுதியது. இன்று பல செயலிகள் பயன்படுத்துவது 1990இல் வந்த மிஃப்லின் – செயின்ட் ஜியோர் வாய்பாடு. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

எடையை (கிலோ) 10ஆல் பெருக்குங்கள். உயரத்தை (செ.மீ.) 6.25ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். ஆணாக இருந்தால் 5 கூட்டுங்கள், பெண்ணாக இருந்தால் 161 கழியுங்கள்.

அம்மாவுக்கு 460, அதோடு 937.5, கழித்தல் 270, கழித்தல் 161. விடை 966. இது சராசரிக் கணக்கு. ஒரே எடை, ஒரே வயது உள்ள இருவருக்கு இடையிலும் நூற்றுக்குப் பத்து வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். ஆனாலும் தொடங்குவதற்கு இது போதும்.

இதுவரை செயலி சரியாகத்தான் வந்தது. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. அடிப்படைச் செலவை நம் உடலுழைப்புக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். செயலிகளில் வழக்கமாக இருக்கும் எண்கள் இவை: உட்கார்ந்தே இருப்பவருக்கு 1.2, வாரத்தில் ஓரிரு நாள் பயிற்சி செய்பவருக்கு 1.375, மூன்று முதல் ஐந்து நாள் என்றால் 1.55, தினமும் கடுமையாகச் செய்பவருக்கு 1.725, அதற்கும் மேலே 1.9. இங்கே உழைப்பு என்பதற்கு உடற்பயிற்சி என்று பொருள். சம்பளத்துக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்து, மாலையில் காசு கட்டி உடம்பை அசைக்கிறவரை மனதில் வைத்து எழுதிய கேள்வி அது. சம்பளத்துக்கே உடம்பை அசைக்கிறவருக்கு அந்தக் கேள்வியில் இடம் இல்லை. என் அம்மாவின் 966ஐ 1.2ஆல் பெருக்கித்தான் அந்த 1,160 வந்தது.

சரியான முறை இல்லாமல் இல்லை. உலக உணவு – வேளாண் அமைப்பும், உலக சுகாதார நிறுவனமும், ஐ.நா. பல்கலைக்கழகமும் கூட்டிய நிபுணர் குழு 2001இல் கூடி, 2004இல் வெளிவந்த அறிக்கையில் ஒரு முறையைச் சொல்லியிருக்கிறது. ஒருவருடைய 24 மணி நேரத்தையும் பிரித்து, ஒவ்வொரு வேலைக்கும் அடிப்படைச் செலவைப்போல் எத்தனை மடங்கு ஆகிறது என்று பார்த்து, சராசரி எடுப்பது. கூலிக்கு உழைத்தாலும், தண்ணீர் தூக்கினாலும், துணி துவைத்தாலும் அது கணக்கில் வரும்.

அம்மாவை உட்கார வைத்து அவருடைய ஒரு நாளைக் கேட்டு எழுதினேன். தூக்கம் 8 மணி நேரம், ஒரு மடங்கு. கழனியில் 6 மணி நேரம், குனிந்து நிமிர்ந்து நடுவில் ஓய்வும் சேர்த்து ஏறத்தாழ மூன்றரை மடங்கு. சமையல், தண்ணீர், விறகு, நடை என்று 4 மணி நேரம், இரண்டரை மடங்கு. மீதி 6 மணி நேரம் உட்கார்ந்து, பேசி, சாப்பிட்டு, கிட்டத்தட்ட 1.4 மடங்கு. எல்லாவற்றையும் கூட்டி 24ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2 வருகிறது. 966ஐ அதனால் பெருக்கினால் சுமார் 1,900 கலோரி. வேலை இல்லாத நாளுக்குத் தனியாகப் போட்டேன். சுமார் 1,500 வந்தது. அந்த நாளில்கூட வீட்டு வேலை அவரை விடுவதில்லை, அல்லவா?

ஆக, வேலை நாளில் செயலி சொன்னதற்கும் உண்மைக்கும் கிட்டத்தட்ட 750 கலோரி இடைவெளி. அரிசியில் சொன்னால் 200 கிராமுக்கு மேல். உடல் எடையில் ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 7,700 கலோரி என்பது பொதுவாகப் பயன்படும் கணக்கு. தினமும் 750 குறைத்துச் சாப்பிட்டால் காகிதக் கணக்கில் மாதத்துக்கு மூன்று கிலோ போகும். 46 கிலோ இருக்கிற பெண்ணுக்கு.

இந்த இடத்தில்தான் என் ஆய்வு நினைவுக்கு வந்தது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று நம் பாட்டிமார் வழியாக வந்த பெயர். 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்டு டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். செலவைக் குறைக்க வேண்டும் என்பது உத்தரவு. டெம்பிள் ஒரு கணக்குப் போட்டார். நிவாரண வேலையில் மண் வெட்டி, கல் உடைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், கூடவே சில்லறைக் காசும் போதும் என்றார். ‘டெம்பிள் கூலி’ என்றே அதற்குப் பெயர் வந்தது. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற வெள்ளைக்கார மருத்துவரே எதிர்த்தார். இந்த அளவைத் தின்றுகொண்டு வேலை செய்கிற ஆள் பிழைக்க மாட்டான் என்று வாதிட்டார். அப்புறம் சில மாதங்களில் கூலியை ஓரளவு உயர்த்த வேண்டிவந்தது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான்.

ஒரு பவுண்டு என்பது 454 கிராம். அரிசியாக இருந்தால் 1,600 கலோரிக்குள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், கடும் உழைப்புச் செய்யும் 65 கிலோ ஆணுக்கு 3,470 கலோரி. அன்றைய உழைப்பாளியின் உடல் சிறியது என்று எவ்வளவு குறைத்துக்கொண்டாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. நிவாரண வேலைக்கு வந்து நின்றவர்களில் நிலமில்லாத கூலி மக்கள் ஏராளம். அவர்களுடைய மண்வெட்டியின் கனம் டெம்பிளின் கணக்கில் ஏறவில்லை.

சுதந்திர இந்தியாவிலும் கலோரியை வைத்துத்தான் வறுமைக் கோடு போட்டார்கள். 1979இல் திட்டக்குழுவின் பணிக்குழு கிராமத்தில் தலைக்கு 2,400, நகரத்தில் 2,100 கலோரி என்று வரையறுத்தது. கிராமத்துக்குக் கூடுதலாகக் கொடுத்ததற்குக் காரணம் உழைப்புதான். 2009இல் டெண்டுல்கர் குழு கலோரி அளவுகோலைக் கைவிட்டது. 2011இல் நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் என்று திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் சொன்னதும் நாடே கொதித்தது நினைவிருக்கலாம். உழைக்கிறவரின் வயிற்றை அளக்கிறவர்கள் எப்போதும் வேறு யாரோவாகவே இருந்திருக்கிறார்கள். நம் கணக்கை நாமே போடத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எடை குறைக்க வேண்டும், உடம்பு தேற்ற வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நானும் ஆசைப்பட்டேன். அதில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஆய்வு தொடங்கிய இரண்டாம் ஆண்டில் எடை 68 கிலோ. உயரம் 158. இரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டு நிற்கிறது என்றார் மருத்துவர். செயலியில் ‘சீக்கிரம் குறைய வேண்டும்’ என்பதைத் தட்டினேன். 1,200 என்றது. உதவித்தொகை தாமதமான மாதங்கள் வேறு. இரண்டு வேளைதான் சாப்பிட்டேன், அதற்குப் பெயர் டயட் என்று சொல்லிக்கொண்டேன். முடி கொட்டியது. மாதவிடாய் தள்ளிப்போனது. ஒரு நாள் ஆவணக் காப்பகத்தில், பஞ்சக் கூலி பற்றிய கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோதே தலை சுற்றி மேசையில் சாய்ந்துவிட்டேன்.

பிறகு ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். அப்போது வயது 28. அடிப்படைச் செலவு 680, அதோடு 987.5, கழித்தல் 140, கழித்தல் 161. விடை 1,366. நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கிற வேலை, ஆனால் தினமும் ஒரு மணி நேரம் நடை. 1.4ஆல் பெருக்கினால் சுமார் 1,900. அதில் 300 முதல் 400 வரை குறைத்தால் போதும். 1,500 முதல் 1,600 வரை சாப்பிட்டேன். எடை மெல்லத்தான் இறங்கியது. ஆனால் நான் மேசையில் சாயவில்லை.

இங்கே இளைத்திருக்கிற தம்பிகளும் இருக்கிறீர்கள். வயது 22, உயரம் 170, எடை 52 என்று ஒரு தம்பியை எடுத்துக்கொள்வோம். பகலில் கல்லூரி, மாலையில் உணவு டெலிவரி. அடிப்படைச் செலவு 1,477. மாடி ஏறி இறங்குவதையும் சேர்த்து 1.6ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2,360. உடம்பு ஏற வேண்டுமானால் அதோடு 300 சேர்த்து 2,660 சாப்பிட வேண்டும். இந்த வயதில், இந்த எடையில், ‘வயிறு தட்டையாக வேண்டும்’ என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிற தம்பிகளை எனக்குத் தெரியும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நம்மில் பலருக்குக் கணக்கின் விடை ‘இன்னும் சாப்பிடு’ என்பதுதான்.

நடைமுறையில் இவ்வளவு போதும். வாய்பாட்டில் வரும் எண்ணை மூன்று நான்கு வாரம் கடைப்பிடியுங்கள். வாரத்துக்கு மூன்று நாள் காலையில் எடை பார்த்துச் சராசரி எடுங்கள். எதிர்பார்த்தபடி அசையவில்லை என்றால் 100, 150 கலோரி ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். செயலியைவிட உங்கள் உடம்பு சொல்வதை நம்புங்கள். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் 1,200க்குக் கீழே போகாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டுபவர்களும் தாங்களாகவே குறைக்கக் கூடாது.

கலோரி சரியாக வந்துவிட்டால் உணவு சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அம்மா 1,900 கலோரியையும் ரேஷன் அரிசியிலேயே எடுத்துவிட முடியும். வயிறு நிறையும், உடம்பு தேறாது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது பரிந்துரை. அம்மாவுக்கு 38 கிராம். பளு தூக்கி உடம்பு ஏற்றுகிறவர்கள் கிலோவுக்கு 1.6 கிராம் வரை எடுக்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மல்லாட்டையில் 25 கிராம் வரை. பருப்பு, கொண்டைக்கடலை, கருவாடு, எல்லாம் நம் வீட்டில் உள்ளவைதான். மாட்டுக்கறியில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஆட்டுக்கறியைவிட விலை மிகக் குறைவு.

நான் போன ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் உணவுப் பட்டியல் ஒன்று கொடுத்தார்கள். ஓட்ஸ், பனீர், பாதாம், புரதப் பொடி. என் உதவித்தொகையில் பாதி அதற்கே போய்விடும். “மாட்டுக்கறி சாப்பிடலாமா?” என்று கேட்டேன். பயிற்சியாளர் நல்ல மனிதர். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “சாப்பிடலாம் மேடம், ரொம்ப நல்லது. ஆனா இங்க சத்தமா சொல்லாதீங்க” என்றார். புரதத்தின் அளவை அவர் பட்டியலில் கிராம் கிராமாக எழுதத் தெரியும். என் வீட்டுப் புரதத்தின் பெயரை மட்டும் எழுத முடியாது. இப்படித்தான் சாதி ஒரு டயட் சார்ட்டுக்குள் வந்து உட்கார்கிறது. நம் பிள்ளைகள் நூறு ரூபாயில் கிடைப்பதை விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கில் கொடுத்து டப்பா வாங்குகிறார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1927இல் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் நம் மக்களைப் பார்த்து, செத்த மாட்டின் இறைச்சியையும், அடுத்தவர் போடும் எச்சில் சோற்றையும் விட்டுவிடச் சொன்னார். கலோரியைக் கொண்டு மட்டும் பார்த்தால் இது புரியாது. எச்சில் சோற்றின் மாவுச்சத்திலும் கிராமுக்கு 4 கலோரிதான். எவ்வளவு சாப்பிட்டோம் என்பதை எண் சொல்லும். எப்படி வந்த சோறு, யார் கையில் வாங்கியது, வரிசையில் எத்தனையாவதாக நின்று சாப்பிட்டது என்பதைச் சொல்லாது. எங்கள் வீட்டிலேயே அம்மா கடைசியாகத்தான் சாப்பிடுவார். குழம்பில் இருந்த இரண்டு துண்டு எனக்கும் தம்பிக்கும் வந்துவிடும். “எனக்குப் பசிக்கல” என்பார். கழனியில் ஆறு மணி நேரம் நின்ற உடம்புக்குப் பசிக்காமல் இருக்குமா? முப்பது வருஷம் அதை நம்பியிருக்கிறேன். சாதி ஒழிப்புப் பேசுகிற நாம், நம் வீட்டுச் சாப்பாட்டு வரிசையையும் பார்க்க வேண்டும். அன்றைக்கு நான் அவர் தட்டில் முதலில் பரிமாறினேன். ஏதோ பெரிய காரியம் செய்ததுபோல் இதைச் சொல்லவில்லை. இத்தனை நாள் செய்யவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஒரு நோட்டில் அம்மாவின் கணக்கை எழுதிக்கொடுத்தேன். காலையில் கூழோடு ஒரு கை மல்லாட்டை, தினமும் இரண்டு முட்டை, மதியம் கெட்டிப் பருப்பு, வாரம் இரண்டு முறை கறியோ மீனோ, அரிசி இவ்வளவு. அம்மா பொறுமையாகக் கேட்டார். ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினார். பிறகு கேட்டார்: “இவ்ளோ சாப்பிடணும்னு புரியுது. வேலை இருக்கிற நாள் கூலியில இது வந்துடும். வேலை இல்லாத நாளுக்கு உன் நோட்டுல இன்னா எழுதியிருக்க?”

நான் வேலை இல்லாத நாளுக்கு 1,500 கலோரி என்று எழுதியிருந்தேன். அந்த நாளின் செலவுக்கு எதுவும் எழுதவில்லை.

தோழர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் உடம்பால் உழைக்கிற ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவருடைய 24 மணி நேரத்தையும் கேட்டு எழுதுங்கள். செயலி வேண்டாம், தாளும் பேனாவும் போதும். அவருக்கு எவ்வளவு தேவை, எவ்வளவு சாப்பிடுகிறார், அதற்கு எவ்வளவு ஆகும், கூலி எவ்வளவு என்று நான்கு எண்களை எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லாருடையதையும் சேர்த்துப் பார்ப்போம். கூலி உயர்வு கேட்கப் போகும்போது கையில் நம் கணக்கு இருக்கட்டும்.

ஜெய்பீம்.